பசித்த ஏரிக்குச் சோறு போட்டவர்

நராஒகா தொமேகிச்சி 1934-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி, வியாழக்கிழமை, கராநுமா ஏரியின் வடகரையில் பிறந்தார். அந்த ஆண்டு எங்கள் பக்கம் கோடையே வரவில்லை. ஜூலையில் வீடுகளில் கணப்பு எரிந்தது. நெல் பூத்தது, பால் பிடிக்கவில்லை. அறுவடை நாளில் வயலில் நின்றதெல்லாம் பதர். அவருடைய தாய்க்கும் பால் ஊறவில்லை. தினைக் கஞ்சியின் தெளிவை எடுத்துக் குழந்தைக்கு ஊட்டினார்கள். அக்காமார் இருவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. தொமேகிச்சி தாண்டினார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு குணம் படிந்துவிட்டது. எதிரே எந்த உயிர் வந்தாலும் அது சாப்பிட்டதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தபால்காரர், வரி கேட்டு வரும் அலுவலர், கோழி திருடிய நரி, யாரானாலும் சரி. 1961 மார்ச் 8 காலை நான் படகிலிருந்து ஏரியில் விழுந்தேன். நீர் 2.4 பாகை குளிரில் இருந்தது. என் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தூக்கியவர் தொமேகிச்சிதான். படகில் கிடத்தியதும் கேட்டார்:

"தட்டுக்காரரே, காலைல என்ன சாப்ட்டீங்க?"

தட்டுக்காரர் என்பது ஊர் எனக்கு வைத்த பெயர். ஊராட்சி அலுவலகத்தில் என் வேலை அது. முப்பது செண்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, தினமும் காலை ஒன்பது மணிக்கு நடு ஏரியில் இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை நீரை மொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதில் ஒன்றும் இருக்காது. இழிவாகச் சொல்லவில்லை, அளந்து சொல்கிறேன். கரா என்றாலே வெறுமைதான். ஏரியின் நீர் முப்பது கோடி கன மீட்டர். அத்தனை நீருக்குள்ளும் கரைந்திருக்கும் பாஸ்பரஸ், அதாவது பாசி முளைக்கத் தேவையான உரச்சத்து, 1,200 கிலோ. சின்ன லாரியில் நாலு நடைக்குள் முடிந்துவிடும். சத்து இல்லாததால் பாசி இல்லை. பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளு என்ற பொடிப்பூச்சி கொஞ்சம். நீர்த்தெள்ளைத் தின்னும் மீன் அதைவிடக் கொஞ்சம். எல்லோரும் அரைவயிறு. அதனால்தான் நீர் அவ்வளவு தெளிவு. 1955-இல் தட்டு சராசரி 18.3 மீட்டரில் மறைந்தது.

இந்த ஏரியில்தான், மீனவர் கூட்டுறவின் குஞ்சு பொரிப்பகத்தில், தொமேகிச்சிக்குப் பதினெட்டு வயதில் வேலை கிடைத்தது. வளர்த்தது ஹிமேமசு மீன். ஹிமே என்றால் இளவரசி. ஊரில் எல்லோரும் இளவரசி என்றே சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் முட்டையிட வரும் தாய் மீன்களைப் பிடித்து, முட்டையைப் பிழிந்து, பொரித்து, குஞ்சுகளுக்கு நாளைக்கு நாலு வேளை தீனி போட்டு, ஜூனில் மதகைத் திறந்து ஏரியில் விட வேண்டும். நாலு வேளை தின்று வளர்ந்த குஞ்சுகளை ஒன்றுமே இல்லாத இடத்துக்குத் துரத்துவது அவருக்கு ஆண்டுதோறும் வந்த துக்கம். மதகைத் திறக்கும் நாளில் அவர் சாப்பிட மாட்டார். ஆண்டில் அவர் பட்டினி கிடப்பது அந்த ஒரு நாள்தான்.

1959-இல் திருமணம். பெண் பார்க்கும் சடங்கில் பெண்ணிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி எதுவென்று சொல்லத் தேவையில்லை. தோகி என்ற அந்தப் பெண் பதற்றத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். தொமேகிச்சி தன் தட்டத்தை அப்படியே அவர் பக்கம் நகர்த்தினார். பெண் வீட்டார், மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கவில்லை, அதனால்தான் உணவைத் தொடவில்லை என்று நினைத்து எழுந்துவிட்டார்கள். தோகி எழவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏரிக்கு உணவு சேர்க்க அவர் செய்த முதல் முயற்சி 1971 திருவிழாவில். ஏரித் தெய்வத்துக்கு ஜூலையில் நாங்கள் வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகை அரிசியை முடிந்து, வேண்டுதலைச் சொல்லி நீரில் விடுவோம். முடிச்சு மூழ்கினால் தெய்வம் ஏற்றுக்கொண்டது. மிதந்தால் இல்லை. அந்த ஆண்டு முடிச்சுப் போடும் முறை தொமேகிச்சியுடையது. அரிசிக்குப் பதில், சத்து அதிகம் என்று, கைநிறையத் தவிடு வைத்து முடிந்தார்.

தவிடு மிதக்கும். 312 முடிச்சுகளும் மிதந்தன.

ஊரில் ஒருவர் வேண்டுதல்கூட ஏற்கப்படவில்லை. பெண்கள் கரையில் உட்கார்ந்து அழுதார்கள். இரண்டு நிச்சயதார்த்தங்கள் தள்ளிப்போயின. காகங்கள் வந்து வேண்டுதல்களைத் தின்றன. பூசகர் மூன்று நாள் பரிகாரம் செய்தார். ஏன் என்று கேட்டபோது தொமேகிச்சி சொன்னது: "சாமி ஒரு சிட்டிகைதான் சாப்பிடும். மீதிய மீன் சாப்பிடட்டுமேன்னு நெனச்சேன்." அடுத்த ஆண்டிலிருந்து அவரை முடிச்சுப் பக்கம் யாரும் விடவில்லை.

பெரிய தவறு 1982-இல் நடந்தது. இளவரசிக்குச் சின்ன மீன் கிடைத்தால் கொழுக்கும் என்று யோசித்தார். கடலோர ஏரி ஒன்றிலிருந்து, பனைநார்ச் சட்டங்களில் ஒட்டிய வகாசகி முட்டைகளைக் கூட்டுறவின் அனுமதியோடுதான் கொண்டுவந்தார். வகாசகி விரல் நீள மீன். எண்ணெயில் பொரித்தால் முள்ளோடு தின்னலாம். சட்டங்களை ஏரியில் இறக்கிய அன்று எல்லோருக்கும் சிவப்புப் பயற்றுச் சோறு போட்டார். நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். நான் தடுக்கவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

1985-க்குள் ஏரி எங்கும் வகாசகி. இளவரசியோ ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. 1981-இல் தாய் மீனின் சராசரி எடை 208 கிராம். 1985-இல் 87. தட்டு மறையும் ஆழம் 17.2-இலிருந்து 9.8 மீட்டருக்கு ஏறிவந்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று பொரிப்பகக் கொட்டகையில் இருவகை மீனிலும் இருபது இருபது எடுத்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தோம். இளவரசி வயிற்றில் சராசரி 11 நீர்த்தெள்ளு. வகாசகி வயிற்றில் 240.

"அடப்பாவி," என்றார் தொமேகிச்சி. "இளவரசி கிண்ணத்தையும் சேத்து நக்கிட்டானே."

"விருந்துக்குக் கூட்டிட்டு வந்தது நீங்கதான், தொமேசான்."

"இளவரசி இவனத் திங்கட்டும்னுல்ல கொண்டாந்தேன்!"

"இளவரசிக்கு அவ்ளோ பெரிய வாய் இல்ல. ரெண்டும் ஒரே கஞ்சியத்தான் குடிக்குது. இவன் முந்திக்கிறான். தெள்ளு தீந்து போச்சுன்னா பாசிய மேய ஆளில்ல. பாசி ஏறுது, தண்ணி கலங்குது."

அவர் அந்தச் சின்ன வயிறுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கஞ்சியக் கூட்டி வைக்கணும். அவ்ளோதானே?"

அவ்வளவுதான் இல்லை என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். ஏரியில் போடுவது முதலில் பாசிக்குத்தான் போகும், தெள்ளு பிறந்தாலும் வகாசகிதான் தின்னும் என்றேன். தலையை ஆட்டினார். நாற்பது மூட்டை தவிடு வரவழைத்தார். ஐந்தாவது மூட்டையைத் தெற்குக் குடாவில் கொட்டும்போது பிடிபட்டார். ஐந்து மூட்டையில் பாஸ்பரஸ் 1.35 கிலோ. அந்தச் சின்னக் குடாவுக்கு அது போதும். பத்தாம் நாள் குடா பச்சையாகி, பதினெட்டு நாள் பச்சையாகவே இருந்தது.

விடுதிக்காரர் சங்கத்தின் தலைவி ததேயாமா ஹருயே பொரிப்பகத்துக்கே வந்துவிட்டார். தொமேகிச்சியைவிட ஐந்து வயது மூத்தவர். அவருடைய தொழிலே அந்தத் தெளிவுதான்.

"டேய் தொமே! ஏரியக் காட்டுறோம்னு ஊர்ஊரா விளம்பரம் பண்ணி ஆளக் கூட்டியாந்தா, நீ பச்சைத் தேத்தண்ணியக் காட்டுற?"

"அஞ்சு மூட்ட தவிடுதான் அக்கா."

"அஞ்சு மூட்டையா! விடுதி மொத்தத்துக்கும் தவிட்டுல ஊறுகாய் போட எனக்கே ரெண்டு மூட்டதான் ஆவுது!"

"ஊறுகாய்க்குப் பசிக்காதே அக்கா."

"இன்னைக்கு வந்த வண்டியெல்லாம் எறங்காமலே திரும்பிப் போச்சு. இப்படியே போனா நான் என்னத்தடா சாப்பிடுறது?"

தொமேகிச்சி பதறிவிட்டார். "ஐயோ, இன்னும் சாப்பிடலியா?" உள்ளே ஓடிப்போய் சோறும் முள்ளங்கி ஊறுகாயும் எடுத்துவந்தார். ஹருயே திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

1986 ஜனவரி 17 அன்று கூட்டுறவுக் கூட்டம். தலைவர் சவாகுச்சி எழுந்து முடிவைப் படித்தார். 1987 இலையுதிர் காலத்தில் திரும்பும் தாய் மீன்களில் முதல் முந்நூற்றை நிறுக்க வேண்டும். சராசரி 120 கிராமுக்குக் குறைந்தால் பொரிப்பகம் மூடப்படும். குளங்கள் தூர்க்கப்பட்டு சுற்றுலாப் பேருந்து நிறுத்துமிடமாகும்.

தொமேகிச்சியும் தோகியும் பொரிப்பகத்துக் குடியிருப்பில் வசித்தார்கள். பிள்ளைகள் இல்லை. முப்பத்து மூன்று ஆண்டு விடியற்காலையில் எழுந்து தீனி கலந்தவர். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "பஸ்ஸு என்ன சாப்பிடும் தட்டுக்காரரே? டீசலா?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. வகாசகியை வலை போட்டுக் குறைக்க வேண்டும். அதைச் சொன்னதும் மறுத்துவிட்டார். தான் தீனி போட்ட எதையும் அவர் தின்றதில்லை; கோழி வளர்த்தும் கறி தின்னாதவர். கூப்பிட்டு வந்த விருந்தாளியைக் கொல்வதா? 41 நாள் வாதாடினேன். முடித்து வைத்தவர் தோகி. முள்ளங்கி நறுக்கியபடி, தலை நிமிராமல் பேசினார்.

"ஏங்க, வீட்டுக்கு வந்த விருந்தாளி புள்ளைங்க சோத்தையெல்லாம் தின்னுட்டா என்ன பண்ணுவாங்க?"

"போயிட்டு வாங்கன்னு அனுப்பி வைப்பாங்க."

"எங்க அனுப்புவீங்க? வந்த வழி கடலு. ரொம்பத் தூரம். வயிறு கிட்ட இருக்கு."

அன்று மாலை அவர் சவாகுச்சியிடம் போய்ச் சம்மதம் சொன்னார். ஒரு நிபந்தனையும் வைத்தார்: பிடிபடும் மீனில் ஒன்றுகூட எருவுக்கோ குப்பைக்கோ போகக் கூடாது. மனிதர் வயிற்றுக்குத்தான் போக வேண்டும். கூட்டுறவின் ஏழாவது தீர்மானம் இது: "பிடிபடும் வகாசகி அனைத்தும் உண்ணப்படும்." இருபத்தெட்டு பேர் கை தூக்கினார்கள். அது எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20 முதல் நவம்பர் 30 வரை 1,812 கிலோ. ஊரில் கைக்குழந்தைகள் உட்பட 412 பேர். ஆளுக்கு 4.4 கிலோ. பொரித்துத் தின்றோம். காடியில் ஊறவைத்துத் தின்றோம். மிசோ சாற்றில், சோற்றுக்குள், சோயாவில் சுண்டவைத்து, வெயிலில் காயவைத்துத் தின்றோம். பள்ளிக்கூடத்தில் 37 நாள் தொடர்ந்து வகாசகி. பிள்ளைகள் மணி அடித்ததும் கழிப்பறைக்குள் ஒளிந்தார்கள். சவாகுச்சி மகள் திருமணத்தில் மங்கலத்துக்கு வைக்கும் பெரிய சிவப்புக் கடல்மீனுக்குப் பதிலாக, 600 வகாசகிகளை அடுக்கி அதே வடிவம் செய்து, கேரட்டால் கண் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் புலால் ஆகாது. ஆனாலும் கோயில் துறவி, "இது மீன் இல்லை, தீர்மானம்" என்று சொல்லி ஏழு உண்டார். நவம்பரில் பூனைகள் மீன்வாடை வந்தால் எழுந்து வேறு தெருவுக்குப் போயின.

தொமேகிச்சியும் தின்றார். முதல் மீனைக் குச்சியால் எடுத்து, அதைப் பார்த்துத் தலை குனிந்து, "தூரத்திலேர்ந்து வந்தீங்க, சரியாக் கவனிக்கல" என்றார். பிறகு கண்ணை மூடி மென்றார். வேளைக்கு 23 என்று வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கிண்ணங்களைச் சோதிக்கவும் செய்தார்.

"என்ன இது, தலையெல்லாம் ஓரமாக் கெடக்கு?"

"தொமேசான், போதும், காலைலயும் இதான்."

"தலைலதான் சத்து. ஏழாம் தீர்மானம். வாயத் தெறங்க."

டிசம்பரில் நீரைச் சோதித்தேன். மீன் குறைந்ததால் நீர்த்தெள்ளு கொஞ்சம் கூடியிருந்தது, அது நல்லதுதான். பாஸ்பரஸ் மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இரண்டு முறை சோதித்தேன். அதே விடை. டிசம்பர் 22 கூட்டத்தில் சொன்னேன்.

"1,812 கிலோ மீன்ல ஒன்பது கிலோ பாஸ்பரஸ் இருந்துச்சு. அது இன்னும் ஏரிலதான் இருக்கு."

"எப்படி இருக்கும்?" சவாகுச்சிக்குக் கோபம். "நாங்கதான் தின்னுட்டமே!"

"தின்னீங்க. அதுக்கப்புறம்?"

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கழிப்பறைக் குழிகள் எல்லாம் கரையோரம். ஊறுவதெல்லாம் ஏரிக்குத்தான். ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. ஹருயே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எழுபது நாளு," என்றார் சவாகுச்சி மெல்ல. "எழுபது நாளு நாக்குச் செத்துத் தின்னு, ஏரில எடுத்தத ஏரிலயேவா போட்டோம்?"

"பெரும்பாலும் ஆமா."

தொமேகிச்சி ஒருவர்தான் மகிழ்ச்சியாக இருந்தார். எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப இத வெளியூர்க்காரங்க சாப்பிடணும்! வந்து சாப்ட்டுட்டு, மலைக் கணவாயத் தாண்டிப் போயிரணும்!"

ஹருயே அவரைத் திரும்பிப் பார்த்தார். தவிட்டு மூட்டைக்குப் பிறகு அவரை அப்படி மரியாதையாகப் பார்த்தது அன்றுதான். "ஒரு நாளைக்கு எத்தன வண்டிடா வரும் கோடைல?"

"பதினாலு," என்றேன் நான். "ஆளு 630."

1987 மே 20 முதல், கராநுமாவுக்கு வந்து இறங்கிய எவரும் நூறு கிராம் பொரித்த வகாசகி தின்னாமல் ஏரியைப் பார்க்க முடியவில்லை. இலவசம். பேருந்துப் படிக்கட்டில் தொமேகிச்சி நின்றார். வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த வேலை அதுதான் என்று தோன்றியது.

"சாப்டீங்களா?"

"வழியிலயே சாப்ட்டோங்க, வயிறு ரொம்பிருச்சு."

"அது உங்க ஊரு வயிறு. இது எங்க ஊரு மீனு. ரெண்டே ரெண்டு."

இரண்டு என்பது தட்டில் வரும்போது இருபது. மறுத்தவர்கள் பின்னால் அவர் சுற்றுப்பாதை முழுவதும் தட்டோடு நடந்தார். தெளிந்த நீரைப் படம் எடுக்கக் குனிந்த ஒருவரின் வாய்க்குள் மீன் போனதை நானே பார்த்தேன்.

ஹருயேயின் பங்கு இன்னும் கடுமையானது. பேருந்துகள் வந்து நின்ற இடத்துக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டு, "பழுது பார்க்கப்படுகிறது" என்று பலகை தொங்கவிட்டார். அன்று தின்றது அன்றே வெளியே வராது, பூட்டுத் தேவையில்லை என்று முதலில் நான் சொன்னேன். பிறகு யோசித்ததில், வெளியூரில் நேற்றுத் தின்றதை இங்கே இறக்கிவிட்டுப் போனால் அதுவும் ஏரிக்குத்தான் சேரும் என்று தெரிந்தது. ஆகவே பூட்டு சரிதான். அடுத்த கழிப்பறை கணவாய்க்கு அப்பால், 9.2 கிலோமீட்டரில்.

"நாலு மாசமா என்னம்மா பழுது பாக்குறீங்க?" ஒரு பேருந்து ஓட்டுநர் கத்தினார். "நாப்பத்தஞ்சு பேரு வச்சிருக்கேன். நாப்பத்தி ரெண்டு பேரு காலப் பின்னிட்டு ஒக்காந்திருக்காங்க!"

"மலை ஊருங்க. சாமான் வர நாளாவும்," என்றார் ஹருயே. "வேகமா ஓட்டுங்க. கணவாயத் தாண்டிட்டா எறக்கம்தான்."

"மீனு வேணுமா வழிக்கு?" என்று ஜன்னல் வழியே பொட்டலத்தை நீட்டினார் தொமேகிச்சி.

செப்டம்பர் 10-க்குள் 7,195 கிலோ. கணவாயைத் தாண்டிப் போன பாஸ்பரஸ் 36 கிலோ. ஏரியில் இருந்ததில் நூற்றுக்கு மூன்று. நீர்த்தெள்ளு, வகாசகி வருவதற்கு முன்பிருந்த அளவில் பாதிக்கு வந்துவிட்டது. தட்டு 12.6 மீட்டரில் மறைந்தது.

அக்டோபர் 24 காலை நிறுவை. பொரிப்பகத்து ஓடையில் முதல் முந்நூறு தாய் மீன்கள். சவாகுச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோகி மீனைத் துணியில் ஏந்தித் தந்தார். நான் நிறுத்துச் சத்தமாகச் சொன்னேன். தொமேகிச்சி எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார்.

"நூத்தி பதினெட்டு."

"ம்."

"நூத்தி முப்பத்தி ஒண்ணு."

"ம்!"

"தொண்ணூத்தி ஆறு."

"அது குஞ்சுலயே நோஞ்சான். எனக்குத் தெரியும் அத."

"தொமே, உன் கருத்து வேணாம்," என்றார் சவாகுச்சி. "நூத்தி இருவதுன்னா நூத்தி இருவது. நூத்தி பத்தொம்பது புள்ளி ஒம்பதுன்னாலும் பஸ்ஸுதான்."

முந்நூறும் முடிய மூன்று மணி நேரம் ஆனது. கூட்டினேன். சரிபார்க்க மீண்டும் கீழிருந்து மேலாகக் கூட்டினேன். 36,720 கிராம். வகுத்தால் 122.4.

சவாகுச்சி நாற்காலியை மடக்கினார். "சரி. இருந்துட்டுப் போ," என்றார். தோகி ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தொமேகிச்சி திரும்பவில்லை. "தட்டுக்காரரே, மொத்தம் எத்தன பேரு திரும்பி வந்தாங்க இந்த வருசம்?" என்றார். பருவம் முடிந்ததும் சொன்னேன்: 2,306. முந்தைய ஆண்டு 3,918. வாய்கள் குறைந்ததாலும்தான் எடை கூடியது. ஆண்டுதோறும் ஏழு லட்சம் குஞ்சை அவர் விட்டுக்கொண்டிருந்தார். ஏரியின் சட்டியில் அத்தனை பேருக்குச் சோறு இல்லை. நாலு லட்சத்துக்குத்தான் இருக்கிறது என்று கணக்கிட்டு, 1988 மே 27 அன்று தாளை அவரிடம் கொடுத்தேன்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. மதியச் சாப்பாடு மட்டும் தவறாமல் என் மேசைக்கு வந்தது. பத்தாம் நாள் மதகைத் திறந்தார். நாலு லட்சத்தில் அவர் கையாலேயே அடைத்தார். மீதி மூன்று லட்சமும் குளத்தில் தீனி கேட்டு வாயைத் திறந்துகொண்டிருந்தன.

கூட்டுறவு அலுவலகத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். மூன்று மாகாணத்து ஏரிக்காரர்கள், அணைக்காரர்கள் எல்லோரையும் அழைத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர் விசாரிப்பதுபோல் விசாரித்தார். ஒரு லிட்டருக்கு எத்தனை தெள்ளு, மே மாதம் எவ்வளவு, ஆகஸ்டில் எவ்வளவு, ஏற்கெனவே அங்கே யார் யார் சாப்பிடுகிறார்கள். பாதிப் பேர் பைத்தியம் என்று வைத்துவிட்டார்கள். ஒருவர் பெருமையாக, "எங்க ஏரி கண்ணாடிங்க, இருவது மீட்டர் ஆழம் தெரியும்" என்றார். தொமேகிச்சி பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

பதினேழாவது அழைப்பு, ஜூன் 9 முற்பகல் 11.20. தெற்கே ஒரு அணைத் தேக்கம். பேசியவர் கூச்சப்படுபவர்போல் இருந்தார். அறையில் எங்களுக்கும் கேட்டது.

"எங்க தண்ணி கொஞ்சம் கலங்கல்தாங்க. தட்டு நாலு மீட்டர்ல மறஞ்சிரும்."

"நாலு மீட்டரா!" தொமேகிச்சி எழுந்து நின்றார். "தெள்ளு?"

"அள்ள அள்ள வருதுங்க. திங்க ஆளில்ல."

"வேற மீனு?"

"ஒண்ணும் பெரிசா இல்லீங்க. ஆனா உங்க புள்ளைங்க வந்தா சின்ன மீனு ஏதாச்சும் திங்கக் குடுக்கணும்ல? வகாசகி முட்ட கொஞ்சம் வாங்கி விட்டு வைக்கட்டுமா?"

"விட்டுறாதீங்க!"

அவர் கத்திய கத்தலில் சவாகுச்சியின் தேநீர் மடியில் கொட்டியது. மறுமுனையில், "சரிங்க, விடலீங்க, விடலீங்க" என்று கேட்டது.

ஜூன் 14 அன்று நீர்த்தொட்டி ஏற்றிய மூன்று லாரிகள் புறப்பட்டன. தொமேகிச்சி முதல் லாரியில், கடைசி வேளைத் தீனி வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவாய் ஏறும்வரை ஓட்டுநரிடம், அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்துக்கொண்டே போனதாகப் பின்னால் ஓட்டுநர் சொன்னார். இரண்டு நாள் கழித்து வெறும் வாளியோடு திரும்பி, படகுத்துறைக்கு வந்து, அங்கே தட்டு எந்த ஆழத்தில் மறைந்தது என்று எனக்குச் சொன்னார். 3.8 மீட்டர். அவரே இறக்கிப் பார்த்திருக்கிறார்.